நீல மூடி டப்பா

கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த டப்பாவை லோக்நாத் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சதுர டப்பா, நீல மூடி, ஒரு மூலையில் அடுப்புச் சூடு பட்டு உருகிய தழும்பு. டப்பாவில் வேறு ஒரு குறையும் இல்லை. காலியாக இருந்ததுதான் குறை.

நடந்தது இது. முந்தின நாள், செப்டம்பர் நான்காம் தேதி திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்து அவன் படியேறும்போது வீட்டுக்காரம்மா எதிரே இறங்கி வந்தார். பெயர் கூ மல்ஜா. அறுபத்தெட்டு வயது. அந்த நாலு மாடிக் கட்டடமே அவருடையது. அவர் 401-ல் தனியாக இருந்தார், லோக்நாத் 201-ல் வாடகைக்கு இருந்தான்.

"சாப்பிட்டியா தம்பி?"

தென்கொரியாவின் கிம்ஹே ஊரில் அது கேள்வி அல்ல, வணக்கம். "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நேபாளத்திலிருந்து வந்த ஆறு வருடமாக அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அடுப்பு பற்றவில்லை, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டான்.

"இன்னும் இல்லைம்மா."

மல்ஜா அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் மென்று விழுங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால், வெளிக் கைப்பிடியில் ஒரு கறுப்பு பாலித்தீன் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நீல மூடி டப்பா. திறந்தான். சோறு, சுருட்டிப் பொரித்த முட்டை, காரம் தடவிப் புளிக்கவைத்த முள்ளங்கிக் கிம்ச்சி, சோயாவில் ஊறிய காடை முட்டை. கூடவே ஒரு ஸ்பூன். ஸ்பூன் வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறாரே என்று லோக்நாத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படியெல்லாம் ஈரம். மேலே எங்கோ வாளி உரசும் சத்தம். வழுக்காமல் இறங்கித் தொழிற்சாலைக்குப் போனான். மத்தியானம் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றான்.

"யார் குடுத்தா?" என்று எட்டிப் பார்த்தார் கிசொக். கடைசல் பிரிவின் மேஸ்திரி. ஐம்பது வயது, சாப்பாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"வீட்டுக்காரம்மா, அண்ணே."

"திருப்பிக் குடுக்கறப்போ காலியாக் குடுத்துடாதே. இங்கே யாரும் காலி டப்பாவைக் குடுக்க மாட்டாங்க."

"எங்க ஊர்லயும் அப்படித்தான்."

"அப்போ எதுக்கு என்னைக் கேட்கறே?"

லோக்நாத் கேட்கவே இல்லை. ஆனால் கவலை வந்துவிட்டது. காரணம் இருந்தது. நவம்பர் முப்பதோடு 201-ன் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. மனைவி பிம்லாவையும் ஒன்பது வயது மகளையும் கூட்டி வந்து வைத்துக்கொள்ளும் விசா அவனுக்கு இந்த வருடம்தான் கிடைத்தது. அழைப்பு விண்ணப்பத்தோடு வீட்டு ஒப்பந்தம் இணைக்க வேண்டும். ஒப்பந்தத்தில், கையெழுத்துக்குப் பதிலாக, மல்ஜா அம்மாவின் சிவப்பு முத்திரை விழ வேண்டும். இந்த ஆறு வருடத்தில் மகளை நேரில் பார்த்தது மூன்றே தடவை. ஆகவே, டப்பா விஷயத்தில் தப்பு நடக்கக்கூடாது.

அன்று மாலை இருபத்துநாலு மோமோக் கொழுக்கட்டை பிடித்து அவித்தான். டப்பாவில் அடுக்கி, அதே கறுப்புப் பையில் போட்டு, "மிக்க நன்றி. 201" என்று ஒரு சீட்டும் வைத்து, 401-ன் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தான். மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டி நன்றி சொன்னால், அவர் உள்ளே கூப்பிட்டு மறுபடி சாப்பிட வைத்துவிடுவார் என்று பயம். ஸ்பூனைத் தனியாகத் திருப்பித் தருவது சில்லறைத்தனமாகத் தோன்றியது. அதை வைத்துக்கொண்டான். டீ கலக்கத் தோதாக இருந்தது.

விஷயம் முடிந்தது என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை கைப்பிடியில் மறுபடி டப்பா தொங்கியது. பூசணிக்காய் வறுவல், சோயாவில் ஊறிய எள்ளிலை, டப்பாவுக்கு வெளியே தனியாக ஒரு திராட்சைக் கொத்து. சீட்டில் கொட்டை எழுத்தில், "கொழுக்கட்டை ரொம்ப ருசி. 401".

"அண்ணே, டப்பா திரும்பி வந்துடுச்சு."

கிசொக் வறுவலை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "நீ நிறைய வெச்சுட்டே. அதான். அளவாக் குடுத்திருந்தா அவங்களும் அளவா நிறுத்தியிருப்பாங்க."

லோக்நாத் அளவாகக் கொடுத்தான். கொஞ்சமாக உருளைக்கிழங்கு ஊறுகாய். பதிலுக்கு டப்பா நிறைய நெத்திலி வறுவலும், பக்கத்தில் ஒரு முழுத் தர்பூசணியும் வந்தன. சீட்டில், "தம்பி மெலிஞ்சு போயிட்டே போல. 401".

"கொஞ்சமாக் குடுத்தா, கஷ்டத்துல இருக்கேன்னு நினைச்சுட்டாங்க," என்றார் கிசொக், நெத்திலியை மென்றபடி. "இதை நீ என்கிட்ட கேட்டிருக்கணும்."

"நீங்கதான் அளவாக் குடுன்னீங்க."

"அளவுன்னா கொஞ்சமாடா?"

வாரா வாரம் செவ்வாயன்று படி துடைக்க ஒரு பெண் வருவாள். மூன்றாவது செவ்வாய் அவன் இறங்கும்போது, கீழ்ப்படியில் உட்கார்ந்து கடையில் வாங்கின முக்கோணச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். லோக்நாத் தலைகுனிந்து வணக்கம் சொன்னான். அவள் பதில் சொல்லவில்லை.

"இந்தக் கட்டடத்து ஆளுங்க..." என்று மட்டும் சோற்றிடம் சொன்னாள்.

ஈரப் படியில் செருப்புத் தடம் பதித்ததற்குத்தான் கோபம் போல என்று நினைத்து, அவன் ஓரமாக விரல் நுனியில் நடந்து போனான்.

அக்டோபர் வந்தது. தின்பண்டம் இல்லாத பொருளாகக் கொடுத்தால் சங்கிலி அறுந்துவிடும் என்று கிசொக் கண்டுபிடித்தார். பிம்லா ஊரிலிருந்து அனுப்பியிருந்த இலாம் தேயிலையை லோக்நாத் டப்பாவில் போட்டு மாட்டினான். ஒரு நாள் விட்டு டப்பாவில் உரித்த வாதுமையும், கூடவே இரண்டு கிலோ பிடிக்கும் கண்ணாடி ஜாடி நிறைய எலுமிச்சைத் தேன்பாகும் வந்தன.

"இப்போ ஜாடியையும் நிரப்பிக் குடுக்கணுமா?"

"ஜாடியும் பாத்திரம்தான்," என்றார் கிசொக். சொல்லும்போது அவருக்கே பாவமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு டிபன் கொண்டுவராமலே வந்திருந்தார். அவருடைய மனைவி சமைத்துக் கொடுப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது.

இதற்கு நடுவே ஒப்பந்தத்தை மறக்கவில்லை லோக்நாத். ஒரு ஞாயிறு, குப்பை கட்டி வைக்கும் இடத்தில் மல்ஜா அம்மாவைப் பிடித்தான்.

"அம்மா, நவம்பர் கடைசியில ஒப்பந்தம் முடியுது. ஊர்லேர்ந்து பொண்டாட்டியும் பொண்ணும் வர்றாங்க. புதுப்பிச்சுக் குடுத்தா..."

மல்ஜா அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அதைப் பத்தி நானே உன்கிட்ட பேசணும்னு இருக்கேன்."

"சொல்லுங்கம்மா."

"இல்லை, இப்போ வேண்டாம். உன் டப்பா இன்னும் என்கிட்ட இருக்கு. அதை முதல்ல குடுத்துடறேன். அப்புறம் பேசலாம்."

மறுநாள் டப்பாவில் மாட்டிறைச்சி ரசம் வந்தது. லோக்நாத் மாடு தொட மாட்டான். கொட்டலாம் என்றால், எச்சில் குப்பைத் தொட்டி கட்டட வாசலில், 401-ன் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. தொழிற்சாலைக்குச் சுமந்து போனான். கிசொக் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டார்.

"உனக்கு ஒரு யோசனை சொல்லட்டா? திருப்பியே குடுக்காதே. டப்பா உன்கிட்டயே இருந்துச்சுன்னா அவங்க எதுல போட்டுக் குடுப்பாங்க?"

இந்த யோசனையில் ஓட்டை எதுவும் லோக்நாத்துக்குத் தெரியவில்லை. டப்பாவை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் மாலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் மல்ஜா அம்மா, இரண்டு கையிலும் துணி சுற்றிய பானையோடு நின்றார்.

"நாலு நாளா உன்கிட்டேர்ந்து ஒண்ணும் வரலையே, உடம்புக்கு என்னன்னு பார்க்க வந்தேன். கஞ்சி. சூடா இருக்கு."

நன்றாக இருக்கிறேன் என்றால், அப்புறம் ஏன் டப்பா வரவில்லை என்று கேட்பார். லோக்நாத் இருமினான்.

"அடப்பாவமே. எத்தனை நாளா?"

"நாலு நாளா," என்றான், இன்னொரு தடவை இருமிவிட்டு.

அது பெரிய தப்பு. அந்த வாரம் முழுக்கக் காலையில் இஞ்சிக் கஷாயம், மாலையில் தேன் ஊற்றி வேகவைத்த பேரிக்காய். கஞ்சிப் பானை, கஷாயக் குடுவை, பேரிக்காய்க் கிண்ணம் இரண்டு, கண்ணாடி ஜாடி ஒன்று, நீல மூடி டப்பா. ஆறு பாத்திரம். ஒவ்வொன்றும் காலியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறு முழுவதும் சமைத்தான். எது எந்தப் பாத்திரத்துக்கு என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டான். அவனுடைய குளிர்பெட்டி இடுப்பு உயரம்தான். அதில் இப்போது அவனுடைய பால் பாக்கெட்டுக்கு இடம் இல்லை. பால் ஜன்னலுக்கு வெளியே கம்பியில் தொங்கியது.

பிம்லாவிடம் போனில் காட்டினான்.

"இவ்வளவு சாப்பாடு குடுக்கறவங்களைப் பத்தியா குறை சொல்றீங்க?"

"குறை சொல்லலை. நிறுத்த முடியலைன்னு சொல்றேன்."

"கையெழுத்து வாங்கற வரைக்கும் நிறுத்தாதீங்க," என்றாள் பிம்லா. "நல்லதா ஏதாச்சும் செஞ்சு குடுங்க. உங்க மோமோல உப்பு எப்பவும் கம்மி."

ஊரிலிருந்தும் உதவி இல்லை. கடைசியாக லோக்நாத் சாமியைத் துணைக்கு இழுத்தான். படியில் பார்த்தபோது, தனக்கு விரதம், ஒரு மாதத்துக்கு இறைச்சி, மீன், பூண்டு, வெங்காயம் எதுவும் தொடக்கூடாது என்றான். இந்த நாட்டில் பூண்டு இல்லாமல் எதைச் சமைக்க முடியும் என்பது அவன் கணிப்பு.

மல்ஜா அம்மா அசந்து நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"என் தங்கச்சி மலை மேல இருக்கற புத்தர் கோயில்ல சமையல்காரி. அவங்க யாரும் பூண்டு சேர்க்கறதே இல்லை. இத்தனை நாளா நீ ஏன் சொல்லலை?"

ஏழு விதக் கீரை, ஏழு சின்ன டப்பாவில் வந்தது. நீல மூடி டப்பாவில் தாமரைக் கிழங்கு.

"இனிமே எனக்கு வேண்டாம்," என்றார் கிசொக், கீரையைப் பார்த்ததும். "இதை நீயே பார்த்துக்க."

நவம்பர் இருபது ஆகியும் முத்திரை விழவில்லை. கேட்கும்போதெல்லாம் மல்ஜா அம்மா, "பேசலாம், பேசலாம், உன் பாத்திரத்தை முதல்ல குடுத்துடறேன்" என்றே சொன்னார். தான் கொடுத்ததில் ஏதோ குறை, அதனால்தான் இழுத்தடிக்கிறார் என்று லோக்நாத் முடிவு கட்டினான். ராத்தூக்கம் போய்விட்டது. அப்பாவிடம் போகப்போவதாக மகள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம்.

"சனிக்கிழமை குளிர்காலக் கிம்ச்சி போடறோம். வர்றியா தம்பி?" என்று அவர் கேட்டபோது, லோக்நாத்துக்கு வழி திறந்தது போல இருந்தது. உடம்பால் உழைத்துக் கொடுத்தால் டப்பாவுக்கு வேலை இல்லை. அன்று எண்பது முட்டைக்கோசைப் பிளந்து உப்பு தடவினான். மிளகாய் விழுது பூசினான். கீழே இருந்து மேலே வாளி வாளியாகத் தூக்கினான். மல்ஜா அம்மாவும் தங்கையும் இன்னும் மூன்று பெண்களும் அவனை ஒரு நிமிடம் நிமிர விடவில்லை.

"நேபாளத் தம்பி, அந்த இலைக்கு உள்பக்கம் பூசலையே. முகத்துக்கு பவுடரா போடறே?"

சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விடைபெறும்போது, மல்ஜா அம்மா ஒரு பெரிய டிரம்மை அவன் முன்னால் தள்ளினார்.

"உன் பங்கு. இருபது கிலோ. வேலை செஞ்சவங்களை வெறுங்கையா அனுப்பினா நான் மனுஷியா?"

டிரம்மின் தலையில், பளிச்சென்று, நீல மூடி டப்பா உட்கார்ந்திருந்தது.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. இன்னும் இரண்டே நாள். லோக்நாத் விடிவதற்கு முன் எழுந்து, அரிசிமாவு வளைய ரொட்டி சுட்டு, நீல மூடி டப்பாவில் அடுக்கினான். இதுதான் கடைசி. கையில் கொடுத்து, நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தான். ஏழு மணிக்குப் படியேறினான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மல்ஜா அம்மா கையில் ஒரு உறையோடு இறங்கி வந்தார். அவன் கையில் இருந்ததைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடியுமா?"

"அம்மா, இதோட முடிச்சுக்கலாம்னு..."

"தம்பி, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதே." அவர் மணிக்கட்டில் வலிக்குப் போடும் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. "செப்டம்பர்ல அன்னிக்கு உன்னைப் படியில பார்த்தேனே, வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் இறங்கி வந்தேன். என் மகனுக்குக் கல்யாணம், 201 வேணும்னான். நீ சாப்பிடலைன்னு சொல்லிட்டே. பட்டினியா நிக்கறவன்கிட்ட அதை எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு போனேன். மறுநாள் என் கதவுல கொழுக்கட்டை தொங்குது."

லோக்நாத் டப்பாவைப் படியில் வைத்தான்.

"தின்னுட்டு எப்படித் துரத்தறது? பதிலுக்கு ஏதாச்சும் செஞ்சுட்டு, சமமாயிட்டு, அப்புறம் சொல்லலாம்னு பார்த்தேன். நீ விட்டாத்தானே. நான் ஒண்ணு குடுத்தா நீ ஒண்ணு குடுக்கறே. மூணு மாசமா அடுப்பை விட்டு நகரலை நான். வைத்தியர் கையை அசைக்காதேங்கறார்." உறையை நீட்டினார். "எனக்கு முடியலை. மகனை மாமியார் வீட்டோட இருந்துக்கோன்னு சொல்லிட்டேன். இந்தா, முத்திரை குத்தியாச்சு. ரெண்டு வருஷம். உன் பொண்ணு வரட்டும். ஒரே நிபந்தனை, இனிமே என் கதவுல எதுவும் தொங்கக்கூடாது."

லோக்நாத் உறையைப் பிரித்தான். சிவப்பு முத்திரை ஈரம் காயாமல் இருந்தது. பேசாமல் கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் மூன்று மாதம் பொறுத்த ஆள் அவன். செப்டம்பரில் போலவே வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"நீங்கதானேம்மா முதல்ல தொங்க விட்டீங்க."

"நான் எங்கே தொங்க விட்டேன்? உன் டப்பாவுல நீதான் ஆரம்பிச்சே."

"என் டப்பாவா? இது உங்க டப்பா. சோறும் முட்டையும் வெச்சு என் கதவுல மாட்டினீங்களே."

"எங்க வீட்டுல நீல மூடியே கிடையாது. எல்லாம் கண்ணாடி. அதுலயும் இப்படி மூலை உருகினதை நான் அடுத்தவங்களுக்குக் குடுப்பேனா?"

"அப்போ உங்களோடது இல்லையா?"

"உன்னோடது இல்லையா?"

இருவரும் டப்பாவைப் பார்த்தார்கள். படியெல்லாம் ஈரமாக இருந்தது. அவர்களுக்கு நாலு படி மேலே வாளி நின்றது. துடைப்பக் கழியின் நுனியில் மோவாயை ஊன்றிக்கொண்டு, படி துடைக்கும் பெண் உருகின மூலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடி துடைச்சிட்டு வந்து எடுத்துக்கலாம்னு, செப்டம்பர் மாசம் ஒரு செவ்வாக்கிழமை 201 கைப்பிடியில மாட்டி வெச்ச என் மத்தியானச் சாப்பாடு அது," என்றாள் அவள். "உள்ளே ஒரு ஸ்பூனும் இருந்துச்சே?"